மாமனார் நசுக்கிய கியூப்கள்

அவளுக்கு ஆய்வுக்கூடத்தில் ஜோசியக்காரி என்று பட்டப்பெயர். பார்க்கிற வேலையும் கிட்டத்தட்ட அதுதான். சிமெண்டில் நானோ சிலிக்கா என்று ஒரு பொடி சேர்க்கிறார்கள். சாதாரண மாவெல்லாம் அதன் பக்கத்தில் ஜல்லி மாதிரி, அத்தனை நுண்ணியது. அதை எவ்வளவு போட்டால் கான்கிரீட் எவ்வளவு எடை தாங்கும், கொட்டும்போது எவ்வளவு இளகி ஓடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு அவள் முன்கூட்டியே சொல்லிவிடுவாள். அதன்பிறகு அதே கலவையில் கியூப் என்று சிறு கனசதுரக் கட்டிகள் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். நசுக்குகிறவர் அவளுடைய மாமனார்.

மனிதருக்கு மருமகள் பேச்சு வந்தால் தலைகால் புரியாது. "என் மருமக சொன்னா சொன்னதுதான். மிஷினே அவளுக்குப் பயந்துக்கிட்டுதான் நம்பர் காட்டுது" என்று டீ கொண்டுவருகிறவரிடம்கூட அளந்துகொண்டிருப்பார். அவளுக்குக் கூச்சமாக இருக்கும். உள்ளுக்குள் பிடித்தும் இருக்கும், பொய் சொல்வானேன்?

அன்று காலை செல்போனுக்குச் சிக்னல் தேடிக் கூடத்தின் பின்பக்கம் போனாள். உடைந்த கியூப்களைக் குவித்துவைத்திருக்கும் இடம் அது. ஒரு கலவைக்கு மூன்று கியூப், ஒவ்வொன்றின் முகத்திலும் சிவப்புப் பெயிண்டில் கலவையின் எண். சும்மா காலால் ஒன்றைப் புரட்டினாள். பக்கத்தில் கிடந்ததிலும் அதே எண். அதற்கடுத்ததிலும் அதே. குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டப் புரட்ட அதே எண் வந்துகொண்டே இருந்தது. உடைந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். கூழில் கரையாத மாவுக் கட்டிபோலப் பொடி அப்படியே திரண்டு நின்றிருந்தது.

மாமனார் உள்ளே இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு கலவைக்கு மூணு கியூப்தானே? பின்னாடி ஒரே நம்பர்ல இத்தனை கிடக்கே?"

"அதுவாம்மா? அதெல்லாம் வார்ப்பு சரியில்லாதது. தூக்கிப் போட்டுட்டேன்."

"சரியில்லைன்னு எப்படித் தெரிஞ்சுது?"

இதென்ன கேள்வி என்பதுபோல அவர் சிரித்தார். திரையில் இருந்த அவளுடைய கணிப்பைக் காட்டினார். "நீ அம்பதுன்னு போட்டிருப்ப. மிஷின் முப்பதுன்னு காட்டும். அப்ப தப்பு யார் மேல? வார்த்தவங்க மேலதானே! மறுபடி வார்க்கச் சொல்லுவேன். ஓட்டமும் அப்படித்தான். உன் அளவுக்குப் பரவலைன்னா பொடி சரியா கலக்கலைன்னு அர்த்தம். இன்னும் நல்லா கலக்குங்கடான்னு விரட்டுவேன். உன் நம்பர் வர்ற வரைக்கும் விடுவேனா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் தந்த முடிவுகளை வைத்துத்தான் அவளுடைய கம்ப்யூட்டர் கணக்கு கற்றுக்கொண்டது. அவரோ அவளுடைய கணக்கைப் பார்த்து முடிவுகளைப் பொறுக்கியிருக்கிறார். நூற்றுக்கு நூறு பொருந்துகிறது என்று அவள் மார்தட்டிக்கொண்டதெல்லாம் இதுதானா? கட்டுமான இடத்தில் யார் திரும்பத் திரும்பக் கலக்கப்போகிறார்கள்? லாரியில் வந்ததை அப்படியே கொட்டிவிட்டுப் போவார்கள். அங்கே வரப்போவது பின்னால் குப்பையாகக் கிடக்கும் அந்தக் கான்கிரீட்தான்.

"மாமா, இன்னைக்கு நடைபாலத்துக்கு முட்டு எடுக்கறாங்க" என்றாள்.

எதிர்த்தெருவில் ஆஸ்பத்திரியின் இரண்டு கட்டடங்களை இணைத்துப் பாலம் கட்டுகிறார்கள். அவளுடைய எண்ணை நம்பித்தான் கான்கிரீட் இறுகும்வரை பாலத்தைத் தாங்கும் முட்டுகளை வழக்கத்துக்கு முன்பே எடுக்க முடிவாகியிருந்தது. அவற்றை எடுக்கப் பாலத்துக்கு அடியில் நின்றுகொண்டிருப்பவன் அவள் கணவன், இவருடைய பிள்ளை. மாமனாரின் கையிலிருந்த துணி நழுவியது. முகத்தில் ஈயாடவில்லை.

அவனுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. இருவரும் ஓடினார்கள்.

பாலத்துக்கு அடியில் அவன் இரும்பு முட்டின் திருகைத் தளர்த்திக்கொண்டிருந்தான். கூட இரண்டு ஆட்கள்.

"என்னங்க, நிறுத்துங்க! எல்லாரும் வெளிய வாங்க!"

"ஏன், ஜோசியம் மாறிடுச்சா?" அவன் சிரித்தான். "அப்பா நசுக்கிப் பாத்தாச்சு. அதுக்கு மேல உன் பயத்தையெல்லாம் கேக்க முடியாது."

மாமனார் மூச்சிரைக்க வந்து நின்றார். "அப்பா, நீங்களே சொல்லுங்க இவகிட்ட" என்றான் மகன்.

அவர் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டார். மகன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மாறியது.

"நான் ஒழுங்கா பாக்கலைடா. இவ நம்பரைப் பாத்துட்டுதான் நசுக்கினேன். ஒத்துவராததை எல்லாம் தூக்கிப் போட்டுட்டேன். வெளிய வாடா, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

சொன்னபடியே கும்பிட்டார். அப்பா தன்னைக் கும்பிடுவதைப் பார்த்து அவன் வெலவெலத்துப்போனான். தளர்த்திய திருகை மறுபடி இறுக்கினான், ஆட்களை முதலில் வெளியே அனுப்பினான், கடைசியாகத்தான் அவன் வந்தான். அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அவன் கையைப் பற்றிக்கொண்டாள்.

"அப்பா, போன மாசம் திறந்தாங்களே, ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கத்துப் பாலம். அதுவும் இதே கலவைதானே?"

மாமனார் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிச் சுவர்களுக்குள்ளே ஒரு நர்ஸ் நோயாளியைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு அந்தப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தாள். பின்னால் சொந்தக்காரர்கள் கூட்டமாக நடந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் ஒருவர் கைப்பிடியில் சாய்ந்து நின்று யாரிடமோ போனில் பேசினார்.

"அது எவ்வளவு தாங்கும்?" என்று கணவன் கேட்டான்.

"தெரியலைங்க" என்றாள். அந்தக் கேள்விக்கு அவளிடம் எண் இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. கையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்து ஓடினாள்.