துஷாந்தினியின் கறுப்புச் சட்டி

டங்கென்ற சத்தத்தில் றப்பர் தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டு நாய்கள் எல்லாம் ஒன்றாகக் குரைத்தன.

வீட்டுக்குப் பின்னால், தண்ணீர் கொட்டும் பீலியடியில், சோற்றுப்பானை சீமெந்துத் தரையில் உருண்டு சாக்கடைக் கானுக்குள் போய் விழுந்தது. விஜயகலாவின் கையிலிருந்து நழுவிய பானை. அவள் கையிலிருந்து ஒரு பாத்திரம் நழுவி அந்த லயத்தில் யாரும் பார்த்ததில்லை.

நழுவியதற்குக் காரணம், பின்வாசல் படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அவளுடைய மாமியார் இராஜம் சொன்ன ஒரு வார்த்தை.

"துஷா, இது என்னோட கோப்பைதானா? கடையில வாங்கினப்பகூட இப்புடி வெள்ளையா இருந்திருக்காதே."

"உங்க கோப்பைதாங்க மாமி," என்றாள் துஷாந்தினி. இரண்டாவது மருமகள். கல்யாணமாகி வந்து இன்னும் தாலிக் கயிற்றின் மஞ்சள்கூட மங்கவில்லை. "தேங்காப் பொச்சால தேச்சா உள்ளுக்குக் கீறல் விழுந்துருங்க. அந்தக் கீறல்ல கறை போய் உக்காந்துக்கும். கோப்பைக்கெல்லாம் மெத்துன்னு இருக்குற ஸ்பொஞ்சுதான் சரி."

பொச்சால் தேய்த்தவள் யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. இத்தனை வருடமாக அந்தக் கோப்பையைத் தேய்த்தவள் கானுக்குள் இறங்கிப் பானையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"என்னா கலா, கையில எண்ணெயா?" என்றாள் இராஜம்.

"றப்பர்பாலு மாமி. கழுவியும் போகல," என்றாள் விஜயகலா.

அன்றைக்கு அவள் றப்பர் மரத்தில் பால் வெட்டவே போகவில்லை.

விஜயகலாவின் அடுப்படியில் ஒரு பலகைத் தட்டு உண்டு. பானை, சட்டி, குண்டான் எல்லாம் அதில் அடிப்பக்கம் வெளியே தெரியும்படி கவிழ்த்துச் சாய்க்கப்பட்டிருக்கும். உள்பக்கத்தை யாரும் மினுக்கலாம். விறகில் ஏறி இறங்கும் பானையின் அடியைத்தான் பார்க்க வேண்டும். றப்பர் விறகு புகையும் கரியும் கக்கும். ஆனால் அதன் சாம்பல் மாவு மாதிரி இருக்கும். அதைச் சலித்து டின்னில் வைத்திருப்பாள். நனைத்த தேங்காய்ப் பொச்சில் அந்தச் சாம்பலைத் தொட்டு அவள் தேய்த்தால் அலுமினியத்தில் முகம் பார்க்கலாம். தேயிலைத்தூள் கைமாற்று வாங்க வருகிற பெண்கள் அந்தத் தட்டின் முன்னால் ஒரு நிமிடம் நிற்காமல் போனதில்லை.

துஷாந்தினி வரும்வரை.

துஷாந்தினி எஹலியகொட பஜாரில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருப்பவரின் மகள். அந்தக் கடையில் வேலைக்குப் போன டிலக்ஷன், விஜயகலாவின் கொழுந்தன், சம்பளத்தோடு அவளையும் கூட்டி வந்துவிட்டான். அவள் கொண்டுவந்த பெட்டியில் சேலைகளுக்குக் கீழே ஒரு பை நிறைய ஸ்பொஞ்ச். மஞ்சள், நீலம், றோசா. ஒன்றுக்கு முதுகில் பச்சைச் சொரசொரப்பு. ஒன்று வலை. ஒன்று கம்பிச் சுருள்.

அதைப் பார்க்கப் பீலியடியில் கூட்டம் கூடியது. துஷாந்தினியும் சளைக்காமல் சொன்னாள். றோசா கண்ணாடிக்கும் கோப்பைக்கும். மஞ்சள் எண்ணெய்ப் பாத்திரத்துக்கு, பச்சை முதுகு பானைக்கு. கம்பிச் சுருள் அடிப்பிடித்த சோற்றுக்கு மட்டும். வேறு எதையும் அது தொடக்கூடாது. மீன் கழுவின சட்டிக்கு நீலம், அந்த நீலம் பால் குண்டான் பக்கமே போகக்கூடாது. வேலை முடிந்ததும் பிழிந்து ஜன்னலில் நிறுத்திக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு கிடந்தால் நாறும். கொஞ்சம் பிய்ந்தாலும் எறிந்துவிட வேண்டும்.

"சாதி பிரிக்கிறாப்புல பிரிக்கிறியே," என்று விஜயகலா மட்டும் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். துஷாந்தினியும் சிரித்தாள். அதுதான் விஜயகலாவுக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அந்த மஞ்சள் ஸ்பொஞ்சை எடுத்துத் தன் சோற்றுப்பானையின் அடியில் ஒரு தேய் தேய்த்துப் பார்த்தாள். ஸ்பொஞ்ச் கரியைக் குடித்துக் கறுத்து, துண்டு துண்டாக உதிர்ந்தது. அவசரமாக அதை ஜன்னலிலேயே வைத்துவிட்டாள். துஷாந்தினி வந்து பார்த்தாள். எடுத்துக் குப்பையில் போட்டாள். மறுநாள் புத்தம்புது ஸ்பொஞ்ச் ஒன்றைக் கொண்டுவந்து, "இது உங்களுக்குங்க அக்கா," என்று நீட்டினாள்.

விஜயகலா அதை வாங்கிப் புருஷனுடைய சைக்கிளில் சேற்றைத் துடைத்தாள்.

இதெல்லாம் வெறும் ஸ்பொஞ்ச் விவகாரமாகவே போயிருக்கும், புது வீடு மட்டும் நடுவில் வராதிருந்தால்.

தோட்டத்தில் கட்டிய புது வீடுகளில் ஒன்று இராஜத்தின் பெயருக்கு விழுந்திருந்தது. இரண்டு அறை, தனி அடுப்படி, குழாய்த் தண்ணீர், பிள்ளைகள் படிக்க ஜன்னலோரம் ஒரு மூலை. மாமியாரோடு ஒரு மகனின் குடும்பம்தான் அங்கே போகலாம். மற்றக் குடும்பம் இந்த லயத்து அறையான காம்பராவிலேயே இருக்க வேண்டும், மழைக்கு ஒழுகும் தகரத்தின் கீழே. விஜயகலாவின் பிள்ளைகள் இருவரும் அந்த ஒழுக்கில்தான் புத்தகத்தைத் தள்ளித் தள்ளி வைத்துப் படித்தார்கள்.

இராஜம் இரண்டு மருமகள்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லியிருந்தாள்.

"மூத்தவ, இளையவன்னு நான் பாக்க மாட்டேன். போற எடத்துல எனக்கு நிம்மதி வேணும். ஒருத்தி சாமான்ல இன்னொருத்தி கை வச்சா, அதால ஒரு பேச்சு வந்துச்சுன்னா, கை வச்சவ இந்த லயத்துலயே கெடக்கட்டும். அவ்வளவுதான்."

அன்றிலிருந்து விஜயகலா பல்லைக் கடித்துக்கொண்டு நல்லவளாக இருந்தாள்.

அப்போதுதான் அந்தச் சட்டி கண்ணில் பட்டது.

துஷாந்தினி தன் காம்பராவில் சின்ன கேஸ் அடுப்பு வைத்திருந்தாள். காலையில் அதில் மாமியாருக்கு முட்டை பொரித்துக் கொடுப்பாள். சட்டியை அங்கேயே துடைத்து அங்கேயே வைத்துவிடுவாள். அதனால் விஜயகலா அதைக் கிட்ட இருந்து பார்த்ததில்லை. ஒருநாள் கேஸ் முடிந்து, துஷாந்தினி அடுப்படிக்கு அதைக் கொண்டுவந்தபோது பார்த்தாள். வெளியே சிவப்பு. உள்ளே அடியிலிருந்து விளிம்புவரை கரிக்கறுப்பு.

தூக்கிப் பார்த்தாள். இரும்பாக இருந்தால் கனக்க வேண்டும். இது இலேசாக இருந்தது. அலுமினியம்தான். அலுமினியம் கறுத்தால் அதற்குப் பெயர் தீய்ந்தது.

துஷாந்தினி அந்தக் கறுப்பைக் குழந்தையின் கன்னத்தைத் துடைப்பதுபோல றோசா ஸ்பொஞ்சால் ஒற்றி எடுத்தாள். கறுப்பு அப்படியே இருந்தது. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

விஜயகலாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை நிறத்தில் ஸ்பொஞ்ச் வைத்துக்கொண்டு, ஒரு சட்டியின் கறுப்பை எடுக்கத் தெரியவில்லை. இந்தக் கையைத்தான் மாமி மெச்சுகிறாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே மழை. மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை. இராஜம் குடையை எடுத்தாள்.

"புது வீட்டுல பால் காய்ச்ச ஒரு பானை வாங்கணும். எஹலியகொட போய்ட்டு வாரேன். துஷா, நீ வா. உனக்குத்தான் பானையெல்லாம் பாத்து வாங்கத் தெரியும்."

விஜயகலா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீருக்கு அது வசதியாக இருந்தது.

"கலா, நீ சோத்த ஆக்கி வை. வந்து பொழுதுபட முந்தி சொல்லிர்றேன், யாரு எங்கூட வாரதுன்னு."

மருமகளும் மாமியாரும் ஒரே குடையில் இறங்கிப் போனார்கள். பஸ் போகும் சத்தம் கேட்டதும் விஜயகலா சோற்றை உலை வைத்தாள். கொழுந்தனின் காம்பராவுக்குள் போனாள். சட்டியை எடுத்துக்கொண்டு பீலியடிக்கு வந்தாள்.

ஜன்னலில் கம்பிச் சுருள் இருந்தது. அதைத் தொடவில்லை. அவளுடைய சாமானால் அவளை ஜெயிப்பதில் என்ன இருக்கிறது? பொச்சு, சாம்பல், ஓடையிலிருந்து அள்ளிய பொடி மணல். சேலையைத் தூக்கிச் செருகி, குந்தி உட்கார்ந்தாள்.

முதலில் கறுப்பு அசையவில்லை. மணலைக் கூட்டினாள். நகம் தேய்ந்தது. பெருவிரல் தோல் வழண்டது. அவள் விடவில்லை. ஒவ்வொரு இழுப்பிலும் ஒரு வார்த்தை அவளுக்குள் ஓடியது. கோப்பைக்கு மெத்துன்னு. உனக்குத்தான் தெரியும். துஷா, நீ வா.

விளிம்பில் நகக்கண் அளவு ஒரு வெள்ளை தெரிந்தது. அதன் பிறகு கறுப்பு செதில் செதிலாகக் கழன்று தண்ணீரில் போயிற்று.

மழைக்குப் போர்த்துக்கொண்டு படுத்திருந்த அவள் புருஷன் இந்திரகுமார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

"என்னா புள்ள, சட்டியையே கரைச்சுக் குடிக்கப் போறியா?"

"நீங்க தூங்குங்க."

"யாரு சட்டி அது?"

"யாரு சட்டியா இருந்தா என்னா. அழுக்கு அழுக்குத்தான்."

"அம்மா சொன்னது ஞாபகம் இருக்குல்ல? சாமான்ல கை வைக்கக்கூடாதுன்னு."

"கெடுக்கத்தான் கை வைக்கக்கூடாது. கழுவிக் குடுத்தா மெச்சுவாங்க," என்றாள் விஜயகலா.

சோறு குழைந்து போயிற்று. சட்டி வெள்ளியாயிற்று. அவள் அதைத் துடைத்து, தன் பலகைத் தட்டின் நடுவில், எல்லாப் பானைகளுக்கும் முன்னால், உள்பக்கம் வாசலைப் பார்க்கும்படி நிறுத்தினாள். மாமி உள்ளே காலை வைத்தால் முதலில் அதுதான் கண்ணில் அடிக்கும்.

மழை விட்டிருந்தது. திரீவீலர் வந்து நின்றது. கடையில் அரை நாள் லீவு போட்டு டிலக்ஷனும் வந்திருந்தான். புதுப் பானையைத் தூக்கிக்கொண்டு முதலில் உள்ளே வந்தவன் அவன்தான்.

பானையைத் தரையில் வைத்துவிட்டுத் தட்டைப் பார்த்தான்.

"இது என்னா?"

சட்டியை எடுத்தான். விரலால் உள்ளே தடவினான்.

"துஷா, இங்க வா. ஒங்க அப்பா குடுத்த சட்டி. நான்ஸ்டிக் பூச்சு முழுக்கப் போச்சு. அந்தக் கறுப்புதானே அதுக்கு விலையே. இனி இதுல முட்டை போட்டா பசை மாதிரி ஒட்டும். யாரு பாத்த வேலை இது?"

விஜயகலாவின் காதுக்குள் பீலித் தண்ணீர் கொட்டுவது போலிருந்தது. கறுப்புதான் விலை. கறுப்பையே விற்கிறார்கள். அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அவள் கையைச் சேலைக்குள் மறைத்தாள்.

இராஜம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். "என்னடா சத்தம்?"

"யாரோ அவ சட்டிய நாசம் பண்ணியிருக்காங்கம்மா."

"யாரோன்னா? இங்க யாரு இருந்தா?"

உள்ளறையில் இந்திரகுமார் இருமினான். எழுந்து வரவில்லை.

துஷாந்தினி சட்டியைப் பார்த்தாள். பிறகு விஜயகலாவைப் பார்த்தாள். சேலை மடிப்பில் பெருவிரல் பட்ட இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு. அதையும் பார்த்தாள்.

"நான்தாங்க மாமி," என்றாள். "நேத்து கொஞ்சம் அடிப்புடிச்சிருச்சு. மறந்தாப்புல தேச்சுட்டேன். கலாக்கா பாவம், எடுத்துத் தட்டுல வச்சிருக்காங்க."

டிலக்ஷன் வாயைத் திறந்தான். துஷாந்தினி அவன் முழங்கையைத் தொட்டாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

விஜயகலாவுக்கு மூச்சு திரும்பியது. பேச்சு இல்லை. சண்டை இல்லை. கை வைத்தவள் யாரும் இல்லை. வாயைத் திறக்காமல் இப்படியே நின்றால் போதும். ஜன்னலோர மூலை, ஒழுகாத கூரை, பிள்ளைகளின் புத்தகம்.

இராஜம் மகன் கையிலிருந்த சட்டியை வாங்கினாள். வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இன்னும் கொஞ்சம் திருப்பினாள். அவளுடைய முகம் அதற்குள் வட்டமாகத் தெரிந்தது. மூக்குத்திகூட மின்னியது.

"பூச்சாவது ஒண்ணாவது," என்றாள். "துஷா, இது நீ தேச்சதா?"

"ஆமாங்க மாமி."

"ஒரு கீத்து கறுப்பு இல்லையே. மூலை முடுக்கெல்லாம் ஒரே வெள்ளி." இராஜம் சட்டியை விஜயகலாவின் பக்கம் நீட்டினாள். "பாரு கலா. பஜாருப் புள்ளைக்கு ஸ்பொஞ்ச புடிக்க மட்டுந்தான் தெரியும்னு நெனைச்சேன். நானும் ஒம் பானையெல்லாம் பாத்திருக்கேன். நீகூட இப்புடித் தேச்சதில்ல."

துஷாந்தினி தலையைக் குனிந்துகொண்டாள்.

விஜயகலா உதட்டைக் கடித்தாள். புது வீட்டை நினைத்தாள். பிள்ளைகளை நினைத்தாள். இராஜம் சட்டியைத் துஷாந்தினியின் கையில் கொடுத்து, அந்தக் கையைப் பிடித்து உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள்.

சேலைக்குள்ளிருந்த இரண்டு கைகளும் வெளியே வந்தன. நகக்கண்ணில் சாம்பல். பெருவிரலில் தோல் இல்லை.

"அந்தக் கைக்கு இந்தப் பளபளப்பு வருமா மாமி? விடிஞ்சதுல இருந்து மழையில குந்தி உக்காந்து தேச்சது நானு."