மூன்றாவது பல்

1986இல் ராயம்மாளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏறியே கிடந்தன. எங்கோ சீழ் பிடித்திருக்கிறது என்று நல்லம்பள்ளி டாக்டர் இரண்டு பற்களைப் பிடுங்கியும் இறங்கவில்லை. அன்று மூன்றாவது பல். ரத்தம் பரிசோதிக்கும் வேலை பார்க்கும் அவள் தம்பி கஸ்பாருக்கு வெளியே இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தான், உட்கார்ந்தான், கடைசியில் உள்ளே நுழைந்துவிட்டான்.

“நிறுத்துங்க சார்! நான் ரத்தம் பாத்ததுல ஒடம்பு பெருத்தவங்க நெறைய பேருக்கு காய்ச்சலே இல்லாம இப்படித்தான் ஏறியிருக்குதுங்க. பல்லுல ஒண்ணுமில்லீங்க, கொழுப்புலதான் என்னமோ நடக்குது.”

“கொழுப்புல கிருமி ஏதுய்யா? அணுவெல்லாம் அங்க யாரோட சண்டை போடுது?”

“அதுதாங்க தெரியல.”

ராயம்மாள் வாயிலிருந்த பஞ்சைத் துப்பினாள்.

“ஏண்டா, அக்காளைக் குண்டுன்னு சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டா ரெண்டு பல்லு போறவரைக்கும் சும்மா இருந்த?”

டாக்டர் சிரித்தபடி பல் பிடுங்கும் குறட்டைக் கீழே வைத்தார். கஸ்பாருக்குச் சிரிப்பு வரவில்லை. பல் தப்பியது, சரி. அக்காளுக்குள் அந்த அணுக்கள் இன்னும் யாரோடு மல்லுக்கட்டுகின்றன?