மேற்படி முகவரிக்குப் போன அலை

அந்தத் தீவில் வந்து இறங்குகிற ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் ஓர் அலை உண்டு. படகுத்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் அலை அலுவலகத்தில் ஒரு படிவத்தை எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், சொந்த ஊர் ஆற்றுத் தண்ணீர் போய்ச் சேரும் கடலிலிருந்து அலை கிளம்பிவிடும். மனிதர்கள் விமானம் ஏறி இரண்டு நாளில் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். அலைக்கு அந்த வசதி இல்லை, தண்ணீரோடுதான் வந்தாக வேண்டும். அது வந்து காலை நனைத்ததும் குமாஸ்தா பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்வார். ஊர் திரும்பும் படகு அந்த அலையின் மேல்தான் கிளம்பும். அதுவரை சாப்பிட்டு, தூங்கி, கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உலகம்மாளும் அதற்காகத்தான் வந்திருந்தாள். தென்காசிக்காரி. ரயில்வே விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து, ஒலிபெருக்கியில் வண்டி அறிவித்து, ஊரையெல்லாம் அனுப்பிவைத்தவள், தான் மட்டும் மதுரையைத் தாண்டியதில்லை. ஓய்வு பெற்ற மறுவாரம், யாரிடமும் அபிப்பிராயம் கேட்காமல், உலகப்படத்தில் தண்ணீர் அதிகமாகவும் நிலம் கம்மியாகவும் இருந்த இடத்தில் விரலை வைத்தாள். விரலுக்கடியில் இந்தத் தீவு இருந்தது. "ஒத்தையிலயாக்கா போற?" என்று தம்பி பால்வண்ணன் கேட்டான். "ஒத்தையிலதாம்ல போறேன்" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அலை அலுவலகக் குமாஸ்தாவின் பெயர் சடையப்ப கவுண்டர். நாலு தலைமுறைக்கு முன்னால் கரும்பு வெட்ட அந்தப் பக்கம் போன குடும்பம். தமிழ் அவரிடம் பண்டிகை வேட்டி மாதிரி இருந்தது. எப்போதாவது எடுத்து உடுத்துவார், மடிப்புக் கலையாது.

"அம்மணி, விதி ஒன்று உண்டு" என்றார். "அறுபது நாள். அதற்குள் வராத அலையின் பெயரைப் பதிவேட்டில் அடித்துவிடுவோம். பிறகு யாரோ விட்டுப்போன அலையில்தான் நீங்கள் ஊர் திரும்ப வேண்டும்."

"அதெல்லாம் வந்துரும்" என்று உலகம்மாள் படிவத்தை ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். படிவங்களோடு குடும்பம் நடத்தியவளுக்கு அது பெரிய வேலையா என்ன?

தங்க இடம் கொடுத்தவள் லிட்டியா. கவுண்டர் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததில் அவளுக்கும் தமிழ் வந்திருந்தது. அவள் வீட்டின் நடுவில்தான் சர்வதேசத் தேதிக்கோடு போகிறது. மேற்கே பார்த்த முன்னறை இன்றைக்கு இருக்கிறது, கிழக்கே உள்ள அடுக்களை நேற்றைக்கு இருக்கிறது. யார் எந்தப் பக்கம் நிற்கிறாரோ அந்தப் பக்கத்துத் தேதிதான் அவருக்குச் செல்லும் என்று படகுத்துறையில் பலகை வைத்திருக்கிறார்கள். இதனால் லிட்டியா அடுக்களையில் வடித்த சோறு முன்னறைக்கு வரும்போது பழைய சோறாகிவிடும். உலகம்மாள் ஊரிலிருந்து மாவடு கொண்டுபோயிருந்தாள். ஆகவே அவளுக்கு அதில் குறையொன்றும் இல்லை.

நாட்கள் நிதானமாகப் போயின. காலையில் பப்பாளி. பிறகு கரையில் கணுக்கால் ஆழத்தில் ஒரு மணி நேரம். மத்தியானம் தேங்காய்ப்பாலில் வெந்த மீன். பிறகு இரண்டு தென்னைக்கு நடுவே கட்டிய கயிற்றுத் தொட்டில். முதல் வாரம் அதில் படுத்தபோது, ஜன்னலுக்கு வெளியே யாரோ காத்திருக்கிற மாதிரி அடிக்கடி திடுக்கிட்டு எழுந்தாள். இரண்டாம் வாரம் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். மூன்றாம் வாரம் அதுவும் இல்லை. சும்மா இருப்பதையும் அவள் வேலை கற்றுக்கொள்வதுபோலவே கற்றுக்கொண்டாள்.

மற்றவர்களின் அலைகள் வந்தபடி இருந்தன. நியூசிலாந்துத் தம்பதிக்கு நாலே நாளில் வந்தது, இரட்டை அலை. ஒசாகாவிலிருந்து வந்தவருக்கு ஒன்பது நாள். அவர் வேறு தீவுக்குப் போகிறேன் என்று அதை விட்டுவிட்டுப் போய்விட்டார். அது கரையோரமாகச் சும்மா நின்றுகொண்டிருந்தது. இருபத்தைந்தாம் நாள் கவுண்டர் அதைக் காட்டினார்.

"நல்ல அலை, அம்மணி. மரியாதை தெரிந்தது. இதை உங்கள் பெயருக்கு மாற்றித் தரட்டுமா?"

"வேண்டாங்க" என்றாள் உலகம்மாள்.

"உங்களுடையது எப்போது வருமென்று தெரியவில்லையே."

"தாமதம்னா ரத்துன்னு அர்த்தமில்ல. எத்தன பேருக்கு இத நான் சொல்லியிருப்பேன். எனக்கு நானே சொல்லிக்கிட மாட்டேனா?"

அன்று கயிற்றுத் தொட்டிலில் படுத்தபடி லிட்டியாவிடம் விஷயத்தைச் சொன்னாள். உலகம்மாள் இருக்கிற வீட்டின் பட்டா தம்பி பெயரில் இருந்தது. காஸ் இணைப்பும் தம்பி பெயரில். பரணில் இருக்கும் குடம், அண்டா, செம்பு எல்லாவற்றிலும் 'சு. வடிவு' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். வடிவு அவளுடைய அக்கா. கல்யாணத்துக்கு வாங்கிய பாத்திரத்தையெல்லாம் விட்டுவிட்டு, தனக்குப் பிடித்தவனோடு பம்பாய்க்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாருக்கும் பெயர் வெட்டவில்லை. உலகம்மாள் நாற்பது வருஷமாக வடிவின் செம்பில்தான் தண்ணீர் குடிக்கிறாள். தீவுக்கும் அதைத்தான் எடுத்து வந்திருந்தாள்.

"எம்பேருல கெளம்பி வாரது இது ஒண்ணுதான் லிட்டியா. இத மட்டும் நான் விட மாட்டேன்" என்றாள்.

"விடாதே அக்கா" என்று லிட்டியா தேங்காய் துருவினாள்.

முப்பத்தெட்டாம் நாள் பால்வண்ணன் போன் செய்தான். அவன் வீட்டுக் குழாய் ரிப்பேர், பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஞாபகம் வந்தவனாக, "யக்கா, ஒன்னயத் தேடி ஒரு அலை வந்துட்டுப் போச்சி" என்றான்.

"எப்பம்ல?"

"போன வெள்ளிக்கெழம. ஆத்தோட ஏறி, வாய்க்கால் வழியா நம்ம தெருவுக்கு வந்துட்டு. வீடு பூட்டிக் கெடந்துதா, வாசப்படியில கொஞ்ச நேரம் நின்னுச்சி. அக்கா தீவுக்குல்லா போயிருக்கான்னு சொன்னேன். திரும்பிட்டு."

"உள்ள கூப்ட்டு உக்கார வைக்கக் கூடாதால?"

"சாவி ஓங்கிட்டல்லா இருக்கு."

உலகம்மாள் நேரே அலை அலுவலகத்துக்குப் போனாள். கவுண்டர் அவளுடைய படிவத்தைத் தேடி எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். சொந்த ஊர் என்ற கட்டத்தில் தெருப் பெயர் முதற்கொண்டு தென்காசி விலாசம் இருந்தது. தற்சமயம் தங்கியிருக்கும் முகவரி என்ற கட்டத்தில் 'மேற்படி' என்று இருந்தது. அவள் கையெழுத்தேதான். எந்தப் படிவமானாலும் இரண்டாவது முகவரிக்கு அவள் கை தானாக மேற்படி போட்டுவிடும். அலை பாவம், எழுதியதை நம்பி, ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலில் கிளம்பி, ஒரு மாதத்துக்கு மேல் தாமிரபரணியை எதிர்த்து ஏறி, சிற்றாற்றில் திரும்பி, அவள் வீட்டுக்கே போயிருக்கிறது. உலகம்மாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆயுசு முழுக்க அடுத்தவருக்குச் சரியான தகவல் சொன்னவள், தன்னைப் பற்றிய தகவலைத் தப்பாகக் கொடுத்துவிட்டாளே!

கவுண்டர் காகிதத்தில் கணக்குப் போட்டார். "முப்பத்தைந்தாம் நாள் திரும்பியிருக்கிறது. இருபத்தாறு நாள் பயணம். அறுபத்தொன்றாம் நாள் காலையில் வரும்."

"அறுபதுக்குள்ள வராதா?"

"அவசரப்படுத்தினால் நுரைத்துவிடும், அம்மணி."

ஒரே ஒரு நாள். உலகம்மாள் கரைக்குப் போய்க் கணுக்கால் ஆழத்தில் நின்று யோசித்தாள். நின்றாளே தவிர அழவில்லை. கெஞ்சியும் பார்க்கவில்லை, ஏனென்றால் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கெஞ்சியவர்கள் யாருக்கும் வண்டி சீக்கிரம் வந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்புறம் வந்து லிட்டியாவிடம், "ஒன் அடுக்களையில ஒரு பாய் விரிக்க எடம் இருக்குமா?" என்று கேட்டாள்.

அறுபதாம் நாள் மாலை பாயையும் செம்பையும் எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அங்கே அது ஐம்பத்தொன்பதாம் நாள்.

மறுநாள் காலை கவுண்டர் பதிவேட்டோடு வந்தார். பெயரை அடிக்கச் சிவப்பு மைப் பேனாவும் கொண்டுவந்திருந்தார். லிட்டியா அடுக்களையைக் கை காட்டினாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

"இங்கே அறுபதுதான்" என்று ஒப்புக்கொண்டு பேனாவை மூடினார். தேங்காய் துருவும் பலகையில் உட்கார்ந்தார். "ஆனால் அலை மேற்குக் கரைக்கு அல்லவா வரும்? அங்கே அறுபத்தொன்று. முன்னறை வழியாக வந்தாலும் அறுபத்தொன்று. கிழக்கே சுற்றிப் பின்வாசல் வழியாக வந்தால்தான் செல்லும்."

"அது தெரியும்" என்றாள் உலகம்மாள்.

பத்து மணிக்குத் தூரத்தில் ஓர் அலை தெரிந்தது. களைத்த அலை, பழுப்பு நிறம், ஆற்று மணல் இன்னும் அதில் ஒட்டியிருந்தது. வழி தவறாமல் நேரே மேற்குக் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. உலகம்மாள் அடுக்களையிலிருந்து கால் எடுத்து வைக்காமல், பக்கவாட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தென்காசியிலிருந்து புன்னைக்காயல் வழியாக வந்துகொண்டிருக்கும் உலகம்மாள் அலை, மேற்குக் கரைக்குப் பதிலாக, லிட்டியா வீட்டுப் பின்வாசலை வந்தடையும்."

மூன்று தடவை சொன்னாள். முப்பத்தொரு வருஷக் குரல், ஓர் எழுத்தும் பிசகவில்லை. முதல் தடவைக்கு அலை வந்துகொண்டே இருந்தது. இரண்டாவதற்கு வேகம் குறைந்தது. மூன்றாவதற்குக் கரைக்குப் பத்தடி முன்னால் நின்று, யோசித்து, தீவைச் சுற்றிக்கொண்டு போனது.

பின்வாசல் திறந்திருந்தது. அரை மணி கழித்து அலை படியேறி உள்ளே வந்து, அடுப்பை நனைக்காமல் ஒதுங்கி, உலகம்மாளின் இரண்டு காலையும் நனைத்தது. குனிந்து பார்த்தாள். அதன் விளிம்பில், நுரைக்குச் சற்றுக் கீழே, புள்ளி புள்ளியாக 'சு. உலகம்மாள்' என்று வெட்டியிருந்தது. விரலால் தடவிப் பார்த்தாள். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆற அமர, வேண்டிய மட்டும் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, வந்தவருக்குக் கொடுப்பதுபோல வடிவின் செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அலை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தது.

கவுண்டர் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "படகுக்காரரிடம் சொல்லிவிடட்டுமா?"

"எதுக்கு? எவ்வளவு தூரம் அலைஞ்சி வந்துருக்கு. நாலு நாள் இருந்துட்டுப் போவட்டும்."

"தங்குவதானால் அதுவும் விருந்தாளி" என்று கவுண்டர் புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். உலகம்மாள் அலையின் சார்பில் எழுதினாள். சொந்த ஊர் தென்காசி. தற்சமயம் தங்கியிருக்கும் முகவரி என்ற கட்டம் வந்ததும் பேனாவை நிறுத்தி, மூச்சு விட்டு, 'லிட்டியா வீட்டு அடுக்களை, நேற்றுப் பக்கம்' என்று முழுசாக எழுதினாள்.

"மனிதருக்கு ஓர் அலை, அலைக்கு ஒரு மனிதர்" என்றார் கவுண்டர். "அதன் ஊரில் அதற்குத் தெரிந்தவர் யாராவது உண்டா?"

"எந்தம்பிய ஒரு தடவ பாத்துருக்கு."

கவுண்டர் எழுதிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்துப் பால்வண்ணன் போன் செய்தான். "யக்கா, அலை ஆபீஸ்ல இருந்து எனக்குத் தாக்கல் வந்துருக்கு, அந்த அலைக்கு நாந்தான் வரணுமாம். எந்த வழியா வரணும்?"

"சிற்றாத்துல எறங்கு. புன்னக்காயல் வர ஆத்தோடயே வா. அதுக்கப்புறம் ஒரே தண்ணிதான், கேக்க வேண்டாம்."

"ஒனக்கு எதும் கொண்டாரணுமா? பரணுல குடம் இருக்கு, எடுத்துட்டு வரவா?"

உலகம்மாள் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அலை சுவரோரமாகச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. "அது வடிவு கொடம்லா, அங்கயே இருக்கட்டும்" என்றாள். "எனக்கு இங்க இருக்கு."

பால்வண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஆற்றில் இறங்குகிற சத்தம் போனில் கேட்டது.