துவாய் நண்டு

பாசிக்குடா ஹோட்டலில் ஆறு வருடம் அறை துப்புரவாக்கிய நிருஷாவுக்கு ஒரு குறைக் கடிதம்கூட வந்ததில்லை. மேற்பார்வையாளர் பதவி நேற்று வந்த ஆண்களுக்கே போகிறது, பெண்களுக்கு ஏன் இல்லை என்று அவள் எழுதிக் கொடுத்த மாதத்திலோ மூன்று வந்தன. நான்காவது வேலையிலிருந்து நிறுத்தியது. பன்னிரண்டாம் அறையை அவள் மூன்று நாள் தொடவே இல்லையாம். பொய்க்கும் ஓர் அளவு வேண்டாமா?

வேலை போனதைவிட, சோம்பேறி என்ற பெயர்தான் அவளைத் தின்றது.

தொழில் நியாயசபையில் அவளுக்கிருந்த ஒரே சாட்சி புருஷனின் போன். உதயரூபன் வாவியில் நண்டுக்கு வலை போடுபவன். அவனைச் சீண்டவென்றே தினமும் முதல் அறையை முடித்ததும் குளியல் துவாயை நண்டாக மடித்து, அறைச் சாவியோடு கட்டிலில் வைத்துப் படம் அனுப்புவாள். "எனக்கு ஒண்டு பட்டிட்டு. உங்களுக்கு?" என்று கீழே எழுதுவாள். அந்த மனுசன் ஒன்றையும் அழித்ததில்லை. அந்த மூன்று நாள் படங்களும் இருந்தன, சாவியில் பன்னிரண்டு என்ற எண்ணோடு, காலை ஒன்பதுக்கு முன் வந்தவை.

அவளுடைய சட்டத்தரணி அந்த வரியை உரக்க வாசித்தபோது நிருஷா வெட்கத்தில் குனிந்துகொண்டாள்.

"நண்டை யாரும் மடிக்கலாம். படத்தில் இவருடைய முகம் இல்லையே," என்றார் ஹோட்டல் சட்டத்தரணி.

அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. நியாயசபைத் தலைவரிடம் அனுமதி கேட்டுவிட்டுப் பின்வரிசை வாங்கில் இருந்த புருஷனிடம் போனாள்.

"தோள்ல கிடக்கிற துவாயத் தாங்க."

"மீன் மணக்கும் புள்ள."

"தாங்களன்!"

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கொடுக்கை உயர்த்திக்கொண்டு மேசைமேல் ஒரு நண்டு உட்கார்ந்திருந்தது. வாவி மணம் அறை முழுக்கப் பரவியது.

சாட்சிக் கூண்டில் நின்ற முகாமையாளரைத் தலைவர் பார்த்தார். "உங்கள் ஹோட்டலில் இதை வேறு யார் செய்வார்கள்?"

"ஒருத்தரும் இல்லை சேர், இவ மட்டுந்தான். வெள்ளைக்காரர் இதைக் கேட்டே வருவினம்," என்றார் அவர், விருந்தினரிடம் சொல்லிப் பழகிய அதே பெருமையோடு. சொன்ன பிறகுதான் முகம் வெளுத்தது.

முறைப்பாடு செய்ததற்காகப் பழிவாங்கியிருக்கிறார்கள் என்றது தீர்ப்பு. வேலை திரும்பக் கிடைத்தது.

முதல் நாளே பன்னிரண்டாம் அறையிலிருந்து படம் அனுப்பினாள். "எனக்கு ஒண்டு பட்டிட்டு. உங்களுக்கு?"

தோணியிலிருந்து பதில் வந்தது: "ஒண்டும் படல்ல. முகம் துடைக்கத் துவாயும் இல்ல. அது இன்னும் டிவிக்கு மேல நண்டாத்தான் இரிக்கு, அவிழ்க்க மனம் வரல்ல புள்ள."

நிருஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு பதின்மூன்றாம் அறைக்குப் போனாள்.