இருபத்தேழாம் இலக்கத்தில் மாதாவின் முறை

“விட்டிட்டுப் போவம் எண்டு நான் சொல்லேல்ல அக்கா. தாண்டிப் போவம் எண்டுதான் சொல்றன்.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“விட்டிட்டுப் போனா வேணுமெண்டு செய்த மாதிரி. தாண்டிப் போனா வழியில ஒரு பூட்டின வீடு இருந்த மாதிரி.”

“அந்த வீடு பூட்டியில்ல பிறெடி. பின்னேரம் முழுக்க அந்த மனிசன் கேற்றைக் கழுவிக்கொண்டு நிண்டது.”

சொல்லிவிட்டு அம்மா வாயில் விரலை வைத்தார். மேசையில், நீலப் பட்டுத் துணிக்கு மேல், மாதா சுரூபம் இருந்தது. செபமாலை முடிந்து, ஒழுங்கைச் சனம் கட்லட்டும் பிளேன்ரீயும் முடித்துக் கலைந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. சுரூபத்துக்கு முன்னால் இந்தக் கதை வேண்டாம் என்று அம்மா பிறெடி அங்கிளைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு வந்தார். கோப்பை கழுவிக்கொண்டிருந்த நான் ஒதுங்கி இடம் விட்டேன். குசினியில் பேசுவது மாதாவுக்குக் கேட்காது என்று இருவரும் நம்பியதுபோல் இருந்தது.

எங்கள் ஒழுங்கை கொட்டாஞ்சேனையில், கோயிலுக்குப் பின்பக்கம். ஒக்டோபர் மாதம் செபமாலை மாதம். ஒவ்வொரு நாளும் மாதா சுரூபம் ஒரு வீட்டில் தங்கும். அன்று பின்னேரம் முழு ஒழுங்கையும் அந்த வீட்டில் முழந்தாளிட்டுச் செபிக்கும், ரீ குடிக்கும். அடுத்த நாள் அந்த வீட்டார்தான் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் கொடுக்க வேண்டும். நாங்கள் இருபத்தைந்தாம் இலக்கம். பிறெடி அங்கிள் இருபத்தொன்பது. நடுவில் இருப்பது இருபத்தேழு.

அது ஜெனோவா ரீச்சரின் வீடு. மார்ச்சில் ரீச்சர் இறந்த பிறகுதான், வீட்டை சிஸ்டர்மாருக்கு எழுதி வைத்திருக்கிறார் என்று தெரிய வந்தது. வீதியில் படுப்பவர்கள் இரவில் தங்குவதற்கு ஓர் இடமாக அதை மாற்றப்போகிறோம் என்று சிஸ்டர்மார் சொன்னார்கள். பன்னிரண்டு கட்டில்கள் வந்து இறங்கின. அன்றிலிருந்து ஒழுங்கைக்கு நித்திரை இல்லை. மாநகர சபையின் அனுமதி கிடைக்கும்வரை ஒஸ்வால்ட் என்ற ஒருவரை மட்டும் காவலுக்கு விட்டிருந்தார்கள். அவரும் வீதியில் படுத்தவர்தான்.

மாநகர சபைக்குப் போன எதிர்ப்பு மனுவை எழுதியது நான். சிங்கள மொழியில் படித்தவள், கையெழுத்தும் நன்றாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தார்கள். பிறெடி அங்கிள் தமிழில் சொல்லச் சொல்ல நான் சிங்களத்தில் எழுதினேன். “போதைத்தூள் அடிக்கிற குடுகாரங்கள் வருவாங்கள் எண்டு எழுது” என்றார். அது நன்றாக இராது என்று, ‘நிலையான முகவரி அற்ற, பின்னணி அறியப்படாத நபர்கள்’ என்று எழுதினேன். அந்தச் சொற்கள் வந்து விழுந்த விதத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. படுக்கப் போகும்போது அவற்றை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

பாட்டுத் தாள்கள் இருந்த அதே பைலில் மனுவும் மாதாவுடன் வீடு வீடாகப் போனது. செபம், ரீ, பிறகு கையெழுத்து. துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் அப்பா முதல் ஆளாகக் கையெழுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார். நாலு நாளில் ஒழுங்கை முழுதும் முடிந்தது. மனு போய்ச் சேர்ந்து, சனிக்கிழமை காலை மாநகர சபையிலிருந்து ஒருவர் வீட்டைப் பார்த்து, அயலவர்களையும் விசாரிக்க வருவதாகப் பதிலும் வந்துவிட்டது.

அதற்கு முதல் நாளான வெள்ளிக்கிழமைதான் இருபத்தேழின் முறை. அது அம்மாவின் பிழை. அம்மா வருடா வருடம் போன வருடத்துப் பட்டியலையே எடுத்துத் திகதிகளை மட்டும் மாற்றுவார். ஜெனோவா ரீச்சரின் பெயர் இருந்தபடியே இருந்துவிட்டது. ஃபாதர் அதைப் பூசையில் வாசித்தார். கோயில் பலகையிலும் ஒட்டினார்கள். அந்தப் பெயர் அந்த இடத்தில் இருந்து எங்களுக்கு அவ்வளவு பழகிப் போயிருந்ததால் ஒருவருடைய கண்ணும் அதில் நிற்கவில்லை. ஒஸ்வால்டின் கண் நின்றது. மாதா வீட்டுக்கு வருகிறார் என்று சிஸ்டரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, கோயிலிலிருந்து கதிரைகளும் கொண்டு வந்திருந்தார்.

“வெள்ளிக்கிழமை முழந்தாள்ல நிண்ட வீட்டைச் சனிக்கிழமை வேணாமெண்டு எப்பிடி அக்கா சொல்றது?” என்றார் பிறெடி அங்கிள். “அந்த ஒபிசர் கேப்பான், நேத்து உள்ளுக்குப் போய் ரீ குடிச்சனீங்கதானே எண்டு. நான் என்ன சொல்ல?”

அந்த வீட்டுக்குள் மாதா போனால் மனு செத்துப்போகும். போகாவிட்டால் அந்தப் பன்னிரண்டு கட்டில்களுக்கும் ஆள் வராது.

பிறெடி அங்கிள் கெட்டவர் இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேலைக்குப் போகாமல் மூன்று நாள் கூட நின்றவர். போன வருடம் அவருடைய மகள் றஷ்மியை பஸ் ஹோல்டிலிருந்து ஒழுங்கை முகப்பு வரைக்கும் ஒருவன் பின்தொடர்ந்து வந்தான். அது யார் என்று இன்றுவரை தெரியாது. அதன் பிறகு அவர் ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு ஹோல்டில் போய் நிற்கிறார். மழை நாட்களில் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார்.

“நாளைக்குச் செபத்துக்கு முதலே ஆராவது போய் அந்த ஆளுக்குச் சொல்லிடுங்க” என்றார். “வாசல்ல மெழுகுதிரியோட நிண்டா நல்லாயிருக்காது.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நான் இருபத்தேழின் கேற்றைத் தட்டினேன். ஒஸ்வால்ட் சவரம் செய்து, நாடியில் வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தார். அறுபது வயது இருக்கும்.

“வாங்க மகள். செருப்போட வாங்க, பரவாயில்ல” என்றார். பிறகு நிலத்தைப் பார்த்தார். “இல்ல, கழட்டுங்க. இப்பதான் துடைச்சனான்.”

கூடத்தில் பதினாலு பிளாஸ்டிக் கதிரைகளைச் சுவரோரமாக அடுக்கியிருந்தார். நடுவில் பாய்கள். மேசையில் வெள்ளைப் படுக்கை விரிப்பை மடிப்புக் குலையாமல் விரித்து, இரண்டு ஜாம் போத்தல்களில் மல்லிகைக் கொத்துகள் வைத்திருந்தார். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. கட்டில்கள் பொலித்தீன் உறை கழற்றாமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாத்திக் கிடந்தன. யன்னலால் வந்த வெயில் அந்தப் பொலித்தீனில் பட்டு, அறை முழுக்கத் தண்ணீர் நிறைந்த மாதிரி அசைந்தது.

நான் வாயைத் திறக்குமுன் அவர் கேட்டார்.

“லேன்ல சீனி வருத்தக்காரர் எத்தினை பேர் மகள்? அவையளுக்குச் சீனி போடாம வேற கேத்தல்ல ஊத்தலாமெண்டு இருக்கிறன்.”

“எட்டுப் பேர்” என்றேன்.

அவர் விரல் மடித்து எண்ணிக்கொண்டார். பிறகு, நான் கேட்காமலே, தன்னைப் பற்றிச் சொன்னார். துறைமுகத்தில் கொள்கலன் கட்டும் வேலை. கொம்பனித்தெருவில் ஒரு வீட்டின் பின்னறையில் முப்பது வருடம் வாடகைக்கு இருந்தார். அந்த இடத்தை உடைத்துக் கட்டடம் கட்ட வந்தபோது, பத்திரம் இருந்தவர்களுக்கு மாடியில் வீடு கொடுத்தார்கள். அவருடைய பெயரில் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு கொச்சிக்கடையில், பூட்டின கடைகளின் வாசல்கள்.

“அங்க அந்தோனியாரைத் தேர்ல பாத்திருக்கிறன், ஆயிரம் பேருக்கு நடுவில” என்றார். “வீட்டுக்கு ஒருத்தரும் வந்ததில்ல. வீடு இருந்தாத்தானே வாறதுக்கு.”

இதைப் பகிடியாகச் சொல்லி அவரே சிரித்தார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

“அந்த மனுவை சிஸ்டர் வாசிச்சுக் காட்டினவ. நல்ல சிங்களமாம். பின்னணி தெரியாத ஆக்கள் எண்டு இருக்காம். வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பன்தானே.”

அதை எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாது. மல்லிகைப் போத்தலில் தண்ணீர் குறைவாக இருக்கிறது என்று ஏதோ சொன்னேன். அவர் உடனே தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனார். அவர் திரும்பி வருமுன் நான் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா சுரூபத்துக்குப் புது மாலை கட்டிக்கொண்டிருந்தார்.

“சொன்னியா?”

“சொல்லேல்ல.”

“ஏன்?”

“சீனி வருத்தக்காரர் எத்தினை பேர் எண்டு கேட்டார்.”

அம்மாவின் கை நூலில் நின்றது. “எத்தினை எண்டு சொன்ன?”

“எட்டு.”

“ஒன்பது” என்றார் அம்மா. “மூலை வீட்டு மெல்ரோய்க்கும் போன மாசம் கண்டுபிடிச்சது.”

நான் போய்ச் சொல்லவேண்டும் என்று அம்மா திரும்பவும் கேட்கவில்லை. தான் போகவும் இல்லை. நாலரை ஆனது, ஐந்து ஆனது. இருபத்தேழிலிருந்து இஞ்சி தட்டும் சத்தம் மதிலுக்கு மேலால் வந்தது. அம்மா எழுந்து போய் யன்னலைச் சாத்தினார்.

ஆறரைக்கு ஒழுங்கை எங்கள் வாசலில் கூடியது. நேரே இருபத்தொன்பதுக்கு என்று பிறெடி அங்கிள் எல்லோருக்கும் போனில் செய்தி போட்டிருந்தார். அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. மெழுகுதிரிகளைக் கடதாசிக் கோப்பைகளுக்குள் ஏற்றிப் பிடித்தார்கள். வழமையாக அம்மாதான் சுரூபத்தைத் தூக்குவார். அன்று கதவடியில் வைத்து என் பக்கம் நீட்டினார்.

“எனக்குக் கை நடுங்குது லவினா. நீ தூக்கு.”

அம்மாவின் கை நடுங்கவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். சுரூபம் நான் நினைத்ததைவிடப் பாரம். ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல் இடது கையை அடியில் கொடுத்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. மாதாவின் தலை என் நாடிக்குக் கீழே இருந்தது. அவர் முன்னால் பார்த்தார். நானும் முன்னால் பார்த்தேன்.

பிறெடி அங்கிள் பாட்டைத் தொடங்கினார். சனம் இரண்டு வரிசையாக முன்னால் போனது. நானும் அம்மாவும் கடைசி. எங்கள் கேற்றிலிருந்து இருபத்தேழின் கேற்றுக்கு இருபது அடி இருக்கும். எனக்கு அது முடியாத வீதி போல் இருந்தது. பாதித் தூரத்தில் பிறெடி அங்கிளின் குரல் உயர்ந்தது. மற்றவர்களும் குரலை உயர்த்தினார்கள்.

இருபத்தேழின் கேற்று இரண்டு பக்கமும் விரியத் திறந்திருந்தது. உள்ளே எல்லா விளக்குகளும் எரிந்தன. கதிரைகள் தெரிந்தன, மேசை தெரிந்தது. தூணுக்குப் பக்கத்தில் ஒஸ்வால்ட் வெள்ளைச் சேட்டுடன், கையில் மெழுகுதிரியோடு நின்றார். முன்னால் போனவர்கள் அந்த இடத்தைக் கடக்கும்போது, ஒவ்வொருவராக, மற்றக் கையால் தங்கள் சுடரைப் பொத்திக்கொண்டார்கள். அந்தப் பக்கமிருந்து காற்று வருகிறதுபோல. காற்றே இருக்கவில்லை.

அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார். முதலில் சிரித்தார், பிறகு தலையை ஆட்டினார், பிறகு இரண்டும் நின்றன. யாரும் சொல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் அவர் உள்ளே போகவில்லை.

எப்போது என் கால் நின்றது என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பக்கத்தில் அம்மாவின் பாட்டும் நின்றுவிட்டது. முன்வரிசை இருபத்தொன்பதின் வாசலை அடைந்திருந்தது. பிறெடி அங்கிள் திரும்பி, இத்தனை தலைகளுக்கு மேலால் என்னைப் பார்த்தார். அவருக்கு அருகில் றஷ்மி நின்றாள். அவளும் பார்த்தாள். அங்கிள் வா என்று கையைக் காட்டவில்லை, பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒஸ்வால்ட் மெழுகுதிரியைக் கேற்றுத் தூணில் வைத்துவிட்டு, கேற்றின் கோடு வரைக்கும் வந்தார். கோட்டைத் தாண்டவில்லை. இரண்டு கைகளையும் சேட்டில் துடைத்தார்.

“மகள்” என்றார். பாட்டுச் சத்தத்தில் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும். “உள்ளுக்குக் கொண்டு வர வேணாம். இந்த வாசல்ல ஒருக்கா இறக்கி வைப்பீங்களா?”