மோதிரச் சோழி

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் துளசிங்கத்தின் வாய்க்கு ஒரு பேர் உண்டு. ஓட்டைச் சங்கைக் கூட ஊதாமலே விற்றுவிடுவான் என்பார்கள். மகள் கோமளா விஷக்காய்ச்சலில் போனதிலிருந்து அந்த வாய் சுரத்து இழந்து கிடந்தது.

அவள் இருந்தவரை கடை விரிப்பது அவள்தான். சாக்கின் முதல் மூலையில் தன்னுடைய சோழியை வைப்பாள். பிறகுதான் சங்கும் கிளிஞ்சலும் இறங்கும். அந்தச் சோழி புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு. வெள்ளை முதுகில் மஞ்சள் வளையம்.

"மோதிரம் போட்டுக்கினு கீதுப்பா. இதுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்பாள்.

இப்போது துளசிங்கம் அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அதே மூலையில் வைக்கிறான். சாயங்காலம் முதலில் அதைத்தான் எடுத்துக்கொள்வான்.

அந்த வெள்ளிக்கிழமை, கடை விரித்த கையோடு ஜெயசீலி டீச்சர் வந்து நின்றாள். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. நேரே அந்த மூலைக்குக் குனிந்தாள்.

"இது எவ்வளவுங்க? பிள்ளைங்களுக்குக் காட்டணும். இந்தப் பாலிஷ் எப்படிப் போட்டீங்க?"

"நாம போடலைம்மா. உசுரோட இருக்கச்சொல்ல அந்தப் பூச்சியே சதையை மேல போத்திக்கினு போட்ட மினுக்கு. அது போனப்புறம் யாராலயும் போட முடியாது."

பழக்கதோஷத்தில் வாய் பேசிவிட்டது. விற்பதற்கில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் போணி! முதல் கிராக்கியை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைக்குக் கடை வரிசைக்கே ஆகாது. பக்கத்துக் கயிற்றுக்கடை குப்புராஜ் வேறு பார்த்துக்கொண்டிருந்தான்.

வியாபாரிக்கா வழி தெரியாது? ஒரு மூட்டைச் சோழிக்கு உண்டான விலையைச் சொன்னான். சொன்ன விலைக்கு வாங்கியவர் அந்தச் சந்தையில் பிறக்கவில்லை. முகம் சுளிப்பாள், வேறொரு கிளிஞ்சலைத் தள்ளிவிடலாம்.

ஜெயசீலி பர்சைத் திறந்தாள்.

"பேரம் பேச எனக்கு வராதுங்க. உங்களைப் பார்த்தா பொய் சொல்ற முகமாத் தெரியலை."

அவன் ஆயுசில் ஒருவர் அவனை நம்பியது அதுதான் முதல் தடவை.

"அம்மா, அது…"

"என்னங்க?"

விலை சொல்லியாயிற்று, அவளும் ஒப்பியாயிற்று. அதற்குமேல் மாற்றிப் பேசுகிறவன் அங்கே சாக்கு விரிக்க முடியாது.

"ஒண்ணுமில்லைம்மா. ஆசிட்ல மட்டும் கழுவிடாதீங்க. மினுக்கு போயிடும்."

அவள் நோட்டைக் கொடுத்துவிட்டு, சோழியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.

"இன்னா நைனா, போணியே ஜோரு!" குப்புராஜ் கூவினான். "துட்டைக் கண்ணுல ஒத்திக்கபா!"

துளசிங்கம் ஒற்றிக்கொண்டான்.

"அட, போதும்பா! எவ்ளோ நேரம் ஒத்துவே?" என்று குப்புராஜ் சிரித்தான்.

துளசிங்கம் கையை எடுக்கவில்லை. கண்ணோடு ஒட்டிய நோட்டு நனைந்துகொண்டிருந்தது.