அவ வர்றா

நோஹேயா அப்பாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் சவ வண்டியின் ஹாரன் அடித்தது.

“சிஸ்டர், சீக்கிரம். ரோட்டை மூடப்போறாங்க,” என்றான் வண்டிக்கார மனுவேல். “அப்புறம் உங்கப்பாவோட நானும் இங்கேயே கிடக்க வேண்டியதுதான்.”

அவன் அவசரத்திலும் நியாயம் இருந்தது. எரிமலையிலிருந்து பல நாளாக ஊர்ந்து வந்த லாவா இப்போது அடுத்த தோட்டத்துப் பப்பாளி மரங்களைத் தின்றுகொண்டிருந்தது. தவழும் குழந்தையின் வேகம்கூட அதற்குக் கிடையாது. கறுத்து ஆறிவிட்டதாகப் பாவனை காட்டும். பிறகு ஓரம் வெடித்துச் சிவப்பாக நாக்கை நீட்டும். அதைப் பார்க்கத் தெருவே மடக்கு நாற்காலி சகிதம் வந்து உட்கார்ந்திருந்தது. அதில் துக்கத்துக்கு வந்தவர் யார், லாவாவுக்கு வந்தவர் யார் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எல்லோரும் முகத்தை ஒரே மாதிரி வைத்திருந்தார்கள். எல்லோர் கையிலும் சாப்பாடு இருந்தது.

ஆனால் அவளைப் போட்டுக் குழப்பியது வேறு. விடியற்காலையில் அப்பா கடைசியாகச் சொன்னது: “அவ வர்றா. கதவைச் சாத்தாதே.”

“எரிமலைச் சாமி பெலேயைத்தான் சொல்லியிருக்காரு,” என்றாள் பக்கத்து வீட்டுச் சத்சுகோ ஆன்ட்டி. “மலையிலேர்ந்து அவ இறங்கி வந்தா வீட்டைக் கழுவித் திறந்து வைக்கிறதுதானே மரியாதை? நான் பூக்கூட வெச்சுட்டேன். நீ அப்பாவை அனுப்பிவிடும்மா.”

இருக்கலாம். ஆனால் அக்கா இவாலானியும் வந்துகொண்டிருந்தாள். அம்மா சாகக் கிடந்தபோது லாஸ் வேகாஸுக்குப் போனவள். இனி இந்தப் படியை மிதிக்காதே என்று அன்று சொன்ன அப்பா, பிறகு அவள் பெயரையே எடுத்ததில்லை. அவளும் அவருக்கு “அவ”தான். நோஹேயா அடுக்களையில் குரலைத் தாழ்த்தி அவளிடம் போனில் பேசியது அவர் காதில் விழுந்ததா? விழுந்திருந்தால், அக்கா படியேறும்போது அவர் உள்ளே இருக்க வேண்டும். நாளைக்கு இந்தப் படியே இருக்காது.

எந்த “அவ”வாக இருந்தாலும் அது தான் இல்லை என்பது மட்டும் நோஹேயாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஐந்து வருஷம் அவருக்கு மூத்திரம் துடைத்தவள். அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

“கொஞ்சம் இருங்க மனுவேல். அக்கா வரட்டும்.”

“வரலைன்னா?”

“தெரியலை.”

சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் டாக்சியை விட்டு, நாற்காலிகளுக்கு நடுவே துணிப்பெட்டியை இழுத்துக்கொண்டு இவாலானி வந்தாள். படிக்குக் கீழேயே நின்றுவிட்டாள்.

“நான் உள்ள வரலாமாடி? அப்பா ஏதாவது சொன்னாரா?”

சத்சுகோ ஆன்ட்டி வாயைத் திறந்தாள். நோஹேயா முந்திக்கொண்டாள்.

“‘அவ வர்றா, கதவைச் சாத்தாதே’ன்னாரு.”

ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஆன்ட்டி லாவாவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். இவாலானி படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

“நான் வர்றது அவருக்குத் தெரியுமா?”

நோஹேயா அவள் துணிப்பெட்டியை உள்ளே எடுத்து வைத்தாள்.

“போலாமா சிஸ்டர்?” என்றான் மனுவேல். “பப்பாளி முடிஞ்சுபோச்சு.”

தூக்க ஆட்கள் வந்தார்கள். நோஹேயா பழக்கத்தில் தலைமாட்டில் போய் நின்றாள். பிறகு அக்காவைக் கூப்பிட்டு அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, தான் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டாள்.